ஒரு விளக்கு, ரெண்டு நிறம், பதினேழு ஜோடிக் கண்கள்

(ஒலிப்பதிவின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்கு எபிசோட் ஒரு வாக்குமூலத்தோட ஆரம்பிக்குது. ஒரு ஞாயித்துக்கிழமை மதியம், மூணே மணி நேரத்துல, சுமார் தொண்ணூறு வருஷ வரலாற்றை நான் கரைச்சு ஊத்தியிருக்கேன். நல்ல எண்ணத்தோடதான் செஞ்சேன். அதனாலதான் இன்னும் உறுத்துது.

ரெண்டு வருஷம் முன்னாடி ப்ராஜெக்ட்டுக்காக இங்கிலாந்துல ரெடிங் நகரத்துல ஆறு மாசம் இருந்தேன். அங்க ஞாயிறு காலையில ஏதாவது ஒரு மைதானத்துல எல்லாரும் கார் டிக்கியைத் திறந்து வச்சு வீட்டுப் பழைய சாமான்களை விப்பாங்க. அப்படி ஒரு இடத்துல ஒரு தகர விளக்கு கண்ணுல பட்டுச்சு. செங்கல்லை நிமிர்த்தி வச்ச மாதிரி உடம்பு, மேல கைப்பிடி, முன்னாடி தடிமனான கண்ணாடி லென்ஸ். உடம்புல ஜி.டபிள்யூ.ஆர். அப்படின்னு எழுத்துகள். கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே. லண்டன் பாடிங்டன்ல இருந்து ரெடிங், ஸ்விண்டன் வழியா பிரிஸ்டல் போற அதே பாதையைப் போட்ட கம்பெனி. நான் தினமும் ஆபீஸ் போற ரயில் ஓடின தண்டவாளம் அவங்க போட்டதுதான்.

அது எஞ்சின் முகப்பு விளக்கு. உள்ள சின்ன எண்ணெய்த் தொட்டி, திரி, பர்னர். எரிபொருள் பாரஃபின், அதாவது நம்ம மண்ணெண்ணெய். 1850-ல ஜேம்ஸ் யங்னு ஒரு ஸ்காட்லாந்து வேதியியலாளர் நிலக்கரியில இருந்து இந்த எண்ணெய் எடுக்கறதுக்கு பேட்டண்ட் வாங்கினார். அவர் வச்ச பேர்ல பிரிட்டன் ஒட்டிக்கிச்சு, அமெரிக்கா கெரசின்னு போயிடுச்சு, நாம சீமெண்ணெய்னு சொல்லிட்டோம்.

விளக்குன்னதும் நம்ம ஊர்ல எல்லாருக்கும் பெட்ரோமாக்ஸ்தான் ஞாபகம் வரும். 1984-ல வந்த வைதேகி காத்திருந்தாள் பார்த்தவங்களுக்கு அதுல எது உடையும்னு கூடத் தெரியும். ஆனா பெட்ரோமாக்ஸ் பெரும்பாலும் பித்தளை மேல நிக்கல் பூச்சு. தேச்சா பளபளன்னு வந்துடும், பெயிண்ட் பிரச்சினையே கிடையாது. ரயில்வே விளக்கு அப்படி இல்லை. தகரத்துக்கும் துருவுக்கும் நடுவுல இருக்கறதே பெயிண்ட் மட்டும்தான்.

நான் வாங்கினதுல அழுக்கு வெள்ளை பெயிண்ட், நிறைய இடத்துல பேர்ந்து கிடந்துச்சு. வீட்டுக்குக் கொண்டு வந்தேன். ஒரு வீடியோ பார்த்தேன். பெயிண்ட் ஸ்ட்ரிப்பர் ஜெல் வாங்கித் தடவினேன். மேல் பெயிண்ட் சுருங்கிக் கொப்பளிச்சு வந்துச்சு. கீழ சிவப்பு. அதையும் சுரண்டினேன். சாயங்காலம் வெறும் தகரம், பளிச்சுன்னு. ரொம்பப் பெருமையா இருந்துச்சு. ஒரு விஷயம்: கையுறை போட்டிருந்தேன், ஜன்னல் திறந்திருந்தேன். அந்தக் காலப் பெயிண்ட்ல ஈயம் இருக்கும்னு மட்டும் தெரிஞ்சிருந்தது. உலர்ந்த நிலையில தேய்க்கவே கூடாது, அந்தத் தூசி உடம்புக்குள்ள போகும். நீங்க யாராவது முயற்சி பண்றதா இருந்தா இதை மட்டுமாவது ஞாபகம் வச்சுக்கோங்க.

பக்கத்து வீட்டுல ஒரு பெரியவர் இருந்தார். ரிட்டயர் ஆனவர், பழைய ரயில் சாமான் சேர்க்கறவர். மறுநாள் காட்டினேன். கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மேல என்ன நிறம் இருந்துச்சு?"

"வெள்ளை."

"அதுக்குக் கீழ?"

"சிவப்பு."

"எந்தச் சிவப்பு?"

பதில் இல்லை. போன்ல எடுத்த படத்தைக் காட்டினேன். சமையலறை மஞ்சள் பல்ப் வெளிச்சத்துல எடுத்தது. அதுவும் போனோட ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் தன் இஷ்டத்துக்குத் திருத்தின படம். அவர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "எத்தனை சிவப்பு இருந்துச்சு, அதையாவது பார்த்தீங்களா?"ன்னு மட்டும் கேட்டார்.

எனக்கு அந்தக் கேள்வியே புரியலை. புரிஞ்சப்போ வயித்தைக் கலக்கிடுச்சு.

விஷயம் இதுதான். கிரேட் வெஸ்டர்ன் தன் எஞ்சின் விளக்குகளுக்கு முதல்ல சிவப்புதான் அடிச்சுக்கிட்டு இருந்தது. ஒளி சிவப்பு இல்லைங்க, விளக்கோட உடம்பு சிவப்பு. 1936 வாக்குல அதை வெள்ளைக்கு மாத்தினாங்க. பிரிட்டன்ல அப்போ எஞ்சின் முன்னாடி விளக்கு எந்த இடத்துல மாட்டியிருக்குங்கறதே ஒரு சங்கேதம். புகைபோக்கிக்குக் கீழ ஒண்ணுன்னா ஒரு வகை ரயில், பஃபருக்கு மேல ரெண்டுன்னா வேற வகை. சிக்னல் கேபின்ல இருக்கறவர் அதைப் பார்த்துதான் எந்த ரயில் வருதுன்னு தெரிஞ்சுப்பார். பகல்ல விளக்கோட ஒளி தூரத்துக்குத் தெரியாது, உடம்புதான் தெரியணும். கரிபிடிச்ச எஞ்சின் முகத்துல வெள்ளைப் பெட்டி பளிச்சுன்னு இருக்கும். மாத்தினதுல இதுக்கு ஒரு பங்கு இருந்திருக்கும்னு நான் நினைக்கிறேன். 1948 ஜனவரி 1-ல ரயில்வே தேசியமயமாகி பிரிட்டிஷ் ரயில்வேஸ் ஆன பிறகும் இந்த மாதிரி விளக்குகள் தொடர்ந்து உழைச்சுது.

ஆக ஒரு விளக்கோட பெயிண்ட் அடுக்குகள்னா, நம்ம பாஷையில சொன்னா, அதோட கிட் லாக். எப்போ செஞ்சாங்க, எத்தனை தடவை பெயிண்ட் அடிச்சாங்க, சிவப்புக் காலத்துல எத்தனை வருஷம் ஓடுச்சு, எல்லாம் அதுல கமிட் ஆகியிருக்கு. நான் போட்டது ஃபோர்ஸ் புஷ். பேக்கப் கிடையாது.

ஆனா பெரியவர் ஒரு உபகாரம் பண்ணார். விளக்கோட பக்கவாட்டுல ஒரு சாக்கெட் இருக்கும். எஞ்சின்ல நீட்டிக்கிட்டு இருக்கற இரும்புப் பட்டையில விளக்கைச் சொருகறதுக்கு. மத்த கம்பெனி விளக்குகள்ல இது பெரும்பாலும் பின்னாடி இருக்கும், கிரேட் வெஸ்டர்ன்ல பக்கவாட்டுல. அந்த சாக்கெட்டோட உள்மூலையில டார்ச் அடிச்சு லென்ஸ் வச்சுப் பார்த்தார். "இங்க உங்க ஜெல் போகலை"ன்னார். மூணு மில்லிமீட்டர் அகலத்துக்கு பெயிண்ட் மிச்சம் இருந்துச்சு.

அதை எப்படிப் படிக்கறதுன்னும் அவர்தான் சொல்லிக் கொடுத்தார். ரொம்ப நுண்ணிய உப்புத்தாளைத் தண்ணியில நனைச்சு, ஒரு இடத்தை மட்டும் பள்ளம் மாதிரி மெதுவா சரிவாத் தேய்க்கணும். மரத்தைக் குறுக்கே வெட்டினா வளையம் தெரியற மாதிரி அடுக்குகள் வளைய வளையமாத் தெரியும். எல்லா அடுக்கும் ஒண்ணு இல்லை. ரெண்டு அடுக்குக்கு நடுவுல மெல்லிசா ஒரு கறுப்புக் கோடு இருந்தா, கீழ இருக்கற அடுக்கு வெளியுலகத்தைப் பார்த்திருக்குன்னு அர்த்தம். அந்தக் கோடு வருஷக்கணக்கா படிஞ்ச புகையும் அழுக்கும். கோடே இல்லாம ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டியிருந்தா, கீழ இருக்கறது வெறும் அடிப்பூச்சு, ஒரே வாரத்துல அடிச்சிருப்பாங்க. பழைய கட்டடங்களோட சுவர் நிறத்தை ஆராயறவங்களும் இதே முறையைத்தான் பயன்படுத்தறாங்க.

என் மூலையில இருந்தது: பழுப்பு நிற அடிப்பூச்சு, சிவப்பு, அழுக்குக் கோடு, இன்னொரு சிவப்பு, அழுக்குக் கோடு, சாம்பல், வெள்ளை, அழுக்குக் கோடு, வெள்ளை. ரெண்டு சிவப்பும் ஒரே சிவப்பு இல்லை. முதல் சிவப்பு கொஞ்சம் செங்கல் பக்கம், ரெண்டாவது தக்காளி பக்கம்.

"அப்போ ஒரிஜினல் கலர் எது?"ன்னு கேட்டேன். "எந்த வருஷத்து ஒரிஜினல்?"னு திருப்பிக் கேட்டார்.

சரி, ஒரு சிவப்பைத் தேர்ந்தெடுத்துட்டோம்னு வச்சுக்குவோம். அதோட நம்பரைத் தேடிக் கடையில சொன்னா கலந்து தரமாட்டாங்களா? நானும் அப்படித்தான் நினைச்சேன். நாம ஹெக்ஸ் கோடு தலைமுறை. நிறம்னாலே ஆறு எழுத்து. ஆனா நிறத்துக்கு நம்பர் வச்சதே ஒப்பீட்டளவுல புது விஷயம். ஜெர்மனியில ரால்னு ஒரு அமைப்பு 1925-ல தொடங்கி, 1927-ல 40 நிறங்களுக்கு ஒரு பட்டியல் போட்டாங்க. அதுக்கு முன்னாடி பெயிண்ட் வாங்கறவரும் விக்கறவரும் ஒருத்தருக்கொருத்தர் மாதிரித் துண்டு அனுப்பித்தான் பேசிக்கணும். பிரிட்டன்ல பி.எஸ். 381ங்கற தர நிறப் பட்டியல் 1930-ல வந்துச்சு. அதோட இன்னைய வடிவம் 381 சி. அதுல 537-ன்னு கேட்டா சிக்னல் ரெட். 538 தபால் பெட்டிச் சிவப்பு.

என் விளக்கோட முதல் சிவப்பு இந்தப் பட்டியலுக்கே முந்தினதா இருக்கலாம். அந்தக் காலத்துல பெயிண்ட் டப்பாவுல ரெடியா வராத இடங்கள் நிறைய. நிறமியை எண்ணெயில அரைச்ச விழுதா வாங்கி, லின்சீட் எண்ணெய், அதாவது ஆளிவிதை எண்ணெயும் டர்பென்டைனும் சேர்த்துக் கலந்துப்பாங்க. இவ்வளவு எடை நிறமி, இவ்வளவு எண்ணெய்னு இருந்தது சமையல் குறிப்பு. கடைசியா வர்ற நிறம் என்னங்கறது நிறமி எங்க இருந்து வந்துச்சு, எவ்வளவு நைசா அரைச்சாங்கங்கறதைப் பொறுத்தது. பாட்டி சாம்பாருக்கு நம்பர் கேக்கற மாதிரிதான் நான் கேட்டுக்கிட்டு இருந்தேன்.

அப்போ அளந்துட வேண்டியதுதானே? இப்போ தீப்பெட்டி அளவு கருவி கிடைக்குது. பரப்புல வச்சு அழுத்தினா போன்ல நிறத்தோட எண்கள் வந்துடும். ரெண்டு நிறத்துக்கு நடுவுல இருக்கற தூரத்தை டெல்டா ஈன்னு ஒரு எண்ணாச் சொல்லும். 1-க்குக் கீழ இருந்தா பெரும்பாலும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனா அந்தக் கருவிக்குத் தட்டையான இடம் வேணும். மூணு மில்லிமீட்டர் மூலையில அது பொருந்தவே பொருந்தாது.

அந்த எண்கள் எங்க இருந்து வந்துச்சுன்னு தேடினப்போ ஒரு கதை கிடைச்சுது. இந்த எபிசோடை நான் பதிவு பண்றதுக்கே அதுதான் காரணம்.

1920-களோட கடைசியில லண்டன் இம்பீரியல் கல்லூரியில டபிள்யூ. டேவிட் ரைட், தேசிய இயற்பியல் ஆய்வகத்துல ஜான் கில்ட். ரெண்டு பேரும் தனித்தனியா கிட்டத்தட்ட ஒரே சோதனையைப் பண்ணாங்க. ஒரு சின்ன வட்டம், ரெண்டு பாதி. ஒரு பாதியில ஏதோ ஒரு தூய நிற ஒளி. இன்னொரு பாதியில சிவப்பு, பச்சை, நீலம் மூணு ஒளி. ஆளை உக்கார வச்சு, ரெண்டு பாதியும் ஒண்ணாத் தெரியற வரைக்கும் குமிழைத் திருகச் சொல்வாங்க. ரைட்கிட்ட 10 பேர், கில்ட்கிட்ட 7 பேர். மொத்தம் 17. அந்த 17 பேரோட கண்ணைச் சராசரி பண்ணி, 1931-ல கேம்பிரிட்ஜ்ல கூடின சர்வதேச ஒளி ஆணையம், சுருக்கமா சி.ஐ.ஈ., தரப்படுத்தப்பட்ட பார்வையாளர்னு ஒரு கற்பனை மனுஷனை உருவாக்குச்சு.

நீங்க இதைப் படிக்கற ஸ்கிரீன் இருக்கே, அதோட எஸ்.ஆர்.ஜி.பி. நிறங்கள் கடைசியா போய் நிக்கறது அந்தக் கற்பனை மனுஷன்கிட்டதான். 1964-ல பெரிய பார்வைப் பரப்புக்குன்னு இன்னொரு பதிப்பு வந்துச்சு, ஆனா 1931 இன்னும் ப்ரொடக்ஷன்ல ஓடுது. 17 யூசர்களை வச்சு டெஸ்ட் பண்ணி இவ்வளவு காலம் தாங்கின ரிலீஸ் நம்ம துறையில ஏதாவது இருக்கா? என் விளக்குக்குச் சிவப்பும் வெள்ளையும் அடிச்ச அதே காலத்துல, அதே நாட்டுல, ஒரு இருட்டறையில உக்காந்து குமிழ் திருகினவங்க அவங்க.

அந்தச் சோதனையோட அடிப்படையிலேயே ஒரு பொறி இருக்கு. ஒரு பொருள்ல பட்டுத் திரும்பற ஒளி, அலைநீளம் அலைநீளமா நூத்துக்கணக்கான தகவல். நம்ம கண் அதை மூணு எண்ணா சுருக்கிடுது. ஹாஷ் ஃபங்ஷன்தான். ஹாஷ்னா கொலிஷன் வரும். வேற வேற நிறமியில செஞ்ச ரெண்டு பெயிண்ட், ஒரு வெளிச்சத்துல ஒரே மூணு எண்ணைக் கொடுக்கும். வெளிச்சத்தை மாத்தினா பிரிஞ்சிடும். துணிக்கடையில பிளவுஸ் பிட்டை வாசலுக்குத் தூக்கிட்டுப் போய்ப் பார்க்கற அம்மாக்களுக்கு இது எப்பவோ தெரியும்.

எனக்குத் தெரிஞ்சது ரெண்டாவது விளக்குல.

ஒரு மாசம் கழிச்சு இன்னொண்ணு வாங்கினேன். இதுல வெள்ளை பெயிண்ட் முக்கால்வாசி நல்லா இருந்துச்சு. சுரண்டக் கூடாது, பேர்ந்த இடத்தை மட்டும் நிரப்பணும்னு முடிவு. சோப்புத் தண்ணியில கழுவினேன். வெள்ளைதானே, சுலபம்னு கடையில ஒரு வெள்ளை ஸ்ப்ரே வாங்கிட்டு வந்து அட்டையில அடிச்சுப் பக்கத்துல வச்சுப் பார்த்தேன். விளக்கு வேட்டி, அட்டை டியூப்லைட். அவ்வளவு வித்தியாசம்.

இன்னைக்குக் கடையில விக்கற வெள்ளை கிட்டத்தட்ட எல்லாமே டைட்டானியம் டை ஆக்சைடு. அது வியாபாரத்துக்கு வந்ததே 1910-களோட பின்பகுதியில, எங்கும் பரவ இன்னும் ரொம்ப நாள் ஆச்சு. அதுக்கு முன்னாடி வெள்ளைன்னா ஈய வெள்ளை, துத்தநாக வெள்ளை. ஈய வெள்ளைக்கு ரயில் மாதிரி எதிரியே கிடையாது. நிலக்கரிப் புகையில இருக்கற கந்தக வாயு பட்டா ஈயம் சல்ஃபைடா மாறிக் கறுக்கும். இதுக்கு மேல இன்னொரு குழப்பம். நிழல்ல ஒளிஞ்சிருந்த பெயிண்ட்தான் உண்மையான நிறத்தைக் காட்டும்னு எல்லாரும் நம்புவோம், இல்லையா? வெயில் படாத இடம், வெளுக்கலை. சிவப்புக்குப் பெரும்பாலும் அது சரி. ஆனா ஆளிவிதை எண்ணெய்ல கலந்த வெள்ளை, இருட்டுலதான் மஞ்சளாகும்! வெளிச்சத்துல வச்சா திரும்ப ஓரளவு வெளுக்கும். விளக்கோட மூடிக்கு அடியில இருந்த வெள்ளையைப் பார்த்து நான் கலந்த முதல் பெயிண்ட் வெண்ணெய் மாதிரி வந்ததுக்கு அதுதான் காரணம். மூடியைக் கழட்டி ஜன்னல் ஓரத்துல ஒரு வாரம் வச்சேன். ரெடிங்ல வெயில் அடிச்சாத்தானே. ஆனாலும் கொஞ்சம் இறங்குச்சு.

பிறகு டைட்டானியம் வெள்ளையோட துளி கறுப்பு, துளி மஞ்சள் காவி, துளிக்கும் துளி செங்காவி. ஈரத்துல ஒரு நிறம், காஞ்சா ஒரு நிறம், அதனால ஒவ்வொரு கலவையையும் அட்டையில தடவிக் காயவிட்டுத்தான் ஒப்பிடணும். பளபளப்பு வேற மாதிரி இருந்தா நிறமே வேறயாத் தெரியும், அதனால அட்டையையும் விளக்கையும் தண்ணியில நனைச்சு ஒண்ணாப் பார்க்கணும். பதினொரு அட்டை ஆச்சு. பதினொண்ணாவது அட்டையை விளக்கு மேல வச்சப்போ, மேகம் மூடின ஜன்னல் வெளிச்சத்துல, விளிம்பே தெரியலை. அட்டை காணாமப் போயிடுச்சு. சத்தியமா ஒரு பில்ட் பாஸ் ஆனதுக்குக்கூட அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

சென்னை வந்து பெட்டியைப் பிரிச்சேன். வேளச்சேரி வீடு, எல்.ஈ.டி. லைட். விளக்கு முழுக்கத் திட்டுத் திட்டா, நான் தொட்ட ஒவ்வொரு இடமும் லேசான நீலத்துல எட்டிப் பார்க்குது. மொட்டை மாடிக்குக் கொண்டு போனா திரும்ப மறைஞ்சிடுச்சு. பழைய வெள்ளையும் என் வெள்ளையும் வேற வேற நிறமி. ரெடிங் வானத்துக்கு அடியில மட்டும் கொலிஷன்.

பெரியவருக்கு போன் பண்ணிப் புலம்பினேன். அவருக்கு அதுல வருத்தமே இல்லை. "நல்லதுதானே, எது உங்க வேலை, எது அவங்க வேலைன்னு நாளைக்குப் பார்க்கறவங்களுக்குத் தெரியுமே"ன்னார். மியூசியத்துல வேலை செய்யறவங்களும் கிட்டத்தட்ட இப்படித்தான் யோசிப்பாங்க, தூரத்துல ஒண்ணாத் தெரியணும், கிட்டப் போனா பிரிச்சுப் பார்க்க முடியணும். அந்த விளக்கை அப்படியே விட்டுட்டேன்.

முதல் விளக்கு, நான் உரிச்சது, அதுக்கு வேற வழியில்லை. கடல் காத்துல ரெண்டே வாரத்துல ஆரஞ்சுப் புள்ளிகள் வர ஆரம்பிச்சுது. சிவப்பா வெள்ளையா? சிவப்பு அழகு. நான் பார்த்த வரைக்கும் விக்கறதுக்குன்னு புதுப்பிக்கற விளக்குகள்ல சிவப்புக்குத்தான் மவுசு, சுரண்டும்போது கீழ சிவப்பு தெரிஞ்ச உடனே வெள்ளையைத் தூக்கிப் போட்டுடறாங்க. இப்படியே போனா இன்னும் ஐம்பது வருஷத்துல கிரேட் வெஸ்டர்ன்காரங்க வெள்ளையே அடிக்கலைன்னு யாராவது அடிச்சுச் சொல்வாங்க. இது எனக்குக் கொஞ்சம் எரிச்சல். என்கிட்ட அது வெள்ளையாத்தான் வந்துச்சு, வேலை செஞ்ச கடைசி நாள்ல அது வெள்ளையாத்தான் இருந்திருக்கும். வெள்ளையே அடிச்சேன். பதினொண்ணாவது அட்டையோட கலவை.

சாக்கெட்டோட உள்மூலையில டேப் ஒட்டி மறைச்சுட்டு அடிச்சேன், காஞ்சதும் டேப்பை எடுத்துட்டேன். எண்ணெய்த் தொட்டிக்கு அடியில ஒரு அட்டை வச்சிருக்கேன். தேதி, எந்தெந்த நிறமி எவ்வளவு, மூலையில லென்ஸ்ல பார்த்த அடுக்குகளோட வரிசை, கடைசியா ஒரு வரி: மிச்சத்தை எடுத்தது நான்.

உங்க வீட்டுப் பரண்ல பழைய விளக்கு ஏதாவது இருந்தா ஒரு படம் அனுப்புங்க மக்களே. பகல் வெளிச்சத்துல எடுங்க, பக்கத்துல ஒரு வெள்ளைத் தாளையும் வச்சு. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.